மருந்துக் காசுக்குப் பாடின குடும்பம்

போன வருஷம் தீபாவளி முடிஞ்சு மகள் வீட்டுக்கு டெக்ஸஸ் போயிருந்தேன். ஃபோர்ட் வொர்த் ஊரில் வீடு. பதினைந்து நாள் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டதில் உடம்பெல்லாம் வலி எடுத்துவிட்டது. "இந்த நாட்டுல பருத்தி எங்க போடுறாங்க, அதையாவது காட்டுங்க" என்று கேட்டேன். மாப்பிள்ளை மேற்கே லப்பக் என்ற ஊருக்குக் கூட்டிப் போனார். காரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளை. ஒரு மேடு பள்ளம் கிடையாது. எங்க கரிசக்காட்டை உருட்டித் தட்டையாக்கி, நூறு மடங்கு நீட்டி விட்ட மாதிரி இருந்தது. மண் மட்டும் செக்கச் சிவப்பு. ஆனால் அவ்வளவு பெரிய காட்டில் ஒரு ஆள் இல்லை. வீடு உயரத்துக்கு ஒரு மெஷின், செடியில் இருந்து காயை உருவிக்கொண்டே போனது. பின்னாடி மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றின பெரிய உருளையாகப் பருத்தியைக் கீழே போட்டுவிட்டு, திரும்பி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. எங்க ஊரில் பருத்தி எடுப்பு என்றால் பதினைந்து இருபது பெண்கள் மடி கட்டிக்கொண்டு இறங்குவார்கள். பேச்சும் சண்டையும் சிரிப்புமாகக் காடே இரைச்சலாக இருக்கும். இங்கே மெஷின் நின்றதும் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

திரும்பி வரும்போது மாப்பிள்ளை காரில் ஒரு பாட்டுப் போட்டார். "மாமா, இவங்க இந்த ஊர்ல பருத்தி எடுத்துக்கிட்டு இருந்தவங்க. அப்பா, மகன், ரெண்டு மகள்." நான்கு குரல், ஒரே ஒரு கிட்டார். எனக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை. ஆனாலும் திரும்பப் போடச் சொன்னேன். ஊருக்கு வந்த பிறகும் அந்தக் குடும்பம் மனசை விட்டுப் போகவில்லை. மகளைப் படித்துச் சொல்லச் சொல்லி, நானும் தட்டுத் தடுமாறிப் படித்து, தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

களை வெட்டு முடிஞ்சா பாட்டு வாத்தியார்

குழுவின் பேர் 'சக் வேகன் கேங்'. அப்பாவின் பேர் டேவிட் பார்க்கர் கார்ட்டர். 1889ல் கென்டக்கியில் பிறந்து, டெக்ஸஸின் வடபகுதியில் வளர்ந்தவர். அங்கே ஒரு பாட்டுப் பள்ளிக்கூடத்தில்தான் கேரி என்ற பெண்ணைப் பார்த்தார். 1909ல் கல்யாணம்.

பாட்டுப் பள்ளிக்கூடம் என்றால் கட்டடம், பெஞ்சு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது ஒரு விவசாயப் பழக்கம். பருத்திக்குக் கடைசிக் களை வெட்டி முடித்தபின், காய் வெடித்து எடுக்கிற வரைக்கும் காட்டில் பெரிய வேலை இருக்காது. அந்த இடைவெளியில் ஒரு வாத்தியார் ஊருக்கு வருவார். சர்ச்சிலோ பள்ளிக்கூடத்திலோ பத்து நாள், இரண்டு வாரம் பாட்டு சொல்லிக் கொடுப்பார். சின்னப் பிள்ளையில் இருந்து கிழவர் வரைக்கும் உட்கார்ந்து படிப்பார்கள். கல்யாண வயசுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் அதுதான் இடம்.

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரும் பாட்டைப் படிக்கட்டும் என்று அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நமக்கு ச ரி க ம ப த நி மாதிரி அவர்களுக்கும் ஏழு சுரம். ஒவ்வொரு சுரத்துக்கும் தாளில் ஒரு வடிவம். முதல் சுரம் முக்கோணம், மூன்றாவது சாய்சதுரம், ஐந்தாவது வட்டம், ஆறாவது சதுரம், இப்படி. வடிவத்தைப் பார்த்த உடனே எந்தச் சுரம் என்று தெரிந்துவிடும். இந்த ஏழு வடிவ முறை 1846லேயே அச்சில் வந்துவிட்டது. அதனால்தான் பியானோவைத் தொட்டே பார்க்காத குடியானவர் வீட்டில் அப்பா ஒரு குரல், அம்மா ஒரு குரல், பிள்ளைகள் வேறு குரல் என்று நான்கு குரலும் பிசிறில்லாமல் பாடினார்கள்.

இதில் ஒரு வியாபாரமும் இருந்தது. பாட்டு வாத்தியார் பின்னாடி பாட்டுப் புத்தகக் கம்பெனி இருக்கும். டென்னசி மாநிலம் லாரன்ஸ்பர்க் ஊரில் ஜேம்ஸ் டி. வான் என்பவர் பாட்டுப் புத்தகம் அச்சடித்து விற்றார். 1910ல் அவர் நான்கு பாடகர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். பாடுவது விளம்பரம், புத்தகம் விற்பது நோக்கம். நம்ம ஊருக்கு உரக் கம்பெனிக்காரர் வேனில் மைக் கட்டிக்கொண்டு வருவார் இல்லையா, அதே கதைதான். இன்றைக்கு 'சதர்ன் காஸ்பெல்' என்று சொல்கிற, தென்மாநில வெள்ளைக்காரர்களின் பக்திப் பாட்டுத் தொழிலுக்கு அதுதான் தொடக்கம் என்கிறார்கள்.

பருத்தி கைவிட்ட வருஷங்கள்

கார்ட்டர் ரயில்வேயில் வேலை பார்த்தார். 1920கள் முடிவதற்குள் அந்த வேலை போய்விட்டது. வீட்டில் நிறையப் பிள்ளைகள். சொந்த நிலம் இல்லை. குடும்பத்தோடு பருத்தி எடுக்கக் கிளம்பினார். எந்த ஊரில் காய் வெடித்திருக்கிறதோ அந்த ஊருக்குப் போவது, எடுத்து முடித்ததும் அடுத்த ஊர்.

அங்கே பருத்தி எடுக்கிறவர்கள் மடி கட்டுவதில்லை. கேன்வாஸ் துணியில் ஆள் உயரத்துக்கும் அதிகமான நீளத்தில் ஒரு சாக்கு. அதன் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாக்கைத் தரையில் இழுத்தபடி வரிசையில் நகர வேண்டும். போகப் போகச் சாக்கு கனக்கும். நிறைந்ததும் தராசுக்கு இழுத்துப் போய், எடை போட்டுக் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். 100 பவுண்டுக்கு இவ்வளவு என்று கூலி. நம்ம கணக்கில் 45 கிலோ. அந்தப் பஞ்ச வருஷங்களில் 100 பவுண்டுக்கு அரை டாலர் என்ற அளவுக்கெல்லாம் கூலி இறங்கியிருக்கிறது.

ஏன் இறங்காது? 1929ல் ஒரு பவுண்டு பஞ்சு 17 சென்ட் போல விற்றது. 1931ல் 6 சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. விலையை ஏற்ற 1933ல் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. காட்டில் வளர்ந்து நின்ற பருத்தியை உழுது மடக்கினால் பணம் தருகிறோம் என்றது. ஒரு கோடி ஏக்கருக்கு மேல் மடக்கி உழுதார்கள். செடியை மிதிக்காமல் நடக்கப் பழக்கின கோவேறு கழுதைகள், செடி மேல் நடக்க மறுத்து நின்றன என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த வரியைக் கேட்டபோது எனக்கு எங்க வீட்டு மயிலைக்காளை ஞாபகம் வந்தது. உழவுப் பணம் பெரும்பாலும் நிலத்துக்காரர் கைக்குத்தான் போனது. வாரத்துக்கு உழுதவர்கள், கறுப்பர்களும் வெள்ளைக்காரர்களும், லட்சக்கணக்கில் காட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது.

1935ல் கார்ட்டர் குடும்பம் லப்பக்கில் இருந்தது. அந்த வருஷம் அந்தப் பக்கமெல்லாம் புழுதிப் புயல். அந்த நேரம் பார்த்து மகள் ஒருத்திக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மருந்து வாங்கக் கையில் காசு இல்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்று சொல்லணும். எங்க அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த வருஷம், திண்ணை வரைக்கும் பருத்தி குவிந்து கிடந்தது. கமிஷன் கடையில் சொன்ன விலைக்குப் போட்டால் எடுப்புக் கூலிக்கே பத்தாது. கடைசியில் அம்மா கழுத்தில் இருந்ததுதான் அடகுக்குப் போனது. விளைஞ்ச பருத்தி வீட்டுக்குள்ளேயே கிடக்க, மருந்துக்குக் காசில்லாமல் நிற்கிற அந்த நிலைமை இருக்கே, அது எனக்குத் தெரியும். கார்ட்டருக்குக் குவிந்து கிடந்த பருத்திகூடச் சொந்தம் இல்லை.

அவர் லப்பக்கில் இருந்த கேஎஃப்ஒய்ஓ ரேடியோ நிலையத்துக்கு நடந்தார். நாங்கள் குடும்பமாகப் பாடுவோம், வேலை கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தார்கள். கார்ட்டர் உச்சக் குரல், மகன் ஜிம் அடிக்குரலும் கிட்டாரும், மகள்கள் ரோஸும் அன்னாவும் பெண் குரல்கள். வருஷக்கணக்காக வீட்டிலும் சர்ச்சிலும் காசு வாங்காமல் பாடின பாட்டு, அன்றைக்குத்தான் முதல் தடவை சம்பளம் கொண்டு வந்தது.

மாவு மில்லின் சம்பளம்

அடுத்த வருஷமே, 1936ல், ஃபோர்ட் வொர்த்தில் இருந்த டபிள்யூபிஏபி என்ற பெரிய ரேடியோவுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் நிகழ்ச்சிக்குப் பணம் போட்டது பியூலி என்ற கோதுமை மாவு மில். 'சக் வேகன்' என்றால் மாடு ஓட்டிப் போகிறவர்களோடு கூடவே போகிற சமையல் வண்டி. அந்தப் பேரில் மில்லுக்கு ஏற்கெனவே ஒரு பாட்டுக் குழு இருந்தது. அது வெளியூர் சுற்றப் போனதும், பேர் கார்ட்டர் குடும்பத்துக்கு வந்தது. பிள்ளைகளின் பேர்கூட ரேடியோவுக்காக மாறினதுதான். ஜிம்மின் வீட்டுப் பேர் எர்னஸ்ட், ரோஸின் பேர் லோலா, அன்னாவின் பேர் எஃபி.

முதலில் மாடு மேய்க்கிறவர்கள் பாட்டு, பழைய நாட்டுப்பாட்டு, நடுவில் பக்திப் பாட்டு என்று கலந்து பாடினார்கள். ஆனால் கேட்டவர்கள் எழுதின கடிதமெல்லாம் பக்திப் பாட்டையே கேட்டது. கொஞ்ச வருஷத்தில் அதுவே முழு நிகழ்ச்சியானது. வீட்டில் அடுப்படியில் நின்று மாவு பிசைகிற பெண்கள் ரேடியோவைக் கேட்டுவிட்டு அதே மில்லின் மாவை வாங்கினார்கள். மில்காரருக்கு மாவு விற்றது, கார்ட்டருக்குச் சம்பளம் வந்தது. நடுவில் யுத்த காலத்தில் சில வருஷம் இடைவெளி விட்டாலும், 1950 வாக்கில் வரைக்கும் ரேடியோதான் அவர்கள் காடு.

1936 நவம்பரில் சான் அன்டோனியோ ஊரில் ஒரு ஹோட்டல் அறையில் முதல் இசைத்தட்டுப் பதிவு. அதே ஹோட்டலில், அதே வாரத்தில், ராபர்ட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரும் தன் முதல் பதிவுக்கு வந்திருந்தார். மிசிசிப்பியில் பருத்திப் பண்ணையில் வளர்ந்தவர். பண்ணை வேலை பிடிக்காமல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவர். பின்னாளில் ப்ளூஸ் இசையின் பெரிய பேர் என்று உலகம் கொண்டாடியது. ஆனால் அவர் 1938லேயே இறந்துபோனார், 27 வயசு. அவரும் கார்ட்டர் குடும்பமும் அதே பருத்தியில் இருந்து தப்பி வந்தவர்கள்தான். ஆனால் தோல் நிறம் வேறு என்பதால் ரேடியோ வேறு, சர்ச் வேறு, கிடைத்த வாழ்க்கையும் வேறு. மாவு மில்லின் மாசச் சம்பளம் ஜான்சன் மாதிரி ஒருத்தருக்கு அன்றைய டெக்ஸஸில் கிடைத்திருக்காது. இதைச் சொல்லாமல் அந்தக் குடும்பத்தின் கதையை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி.

பறந்து போவேன்

மாப்பிள்ளை காரில் போட்ட பாட்டு 'ஐல் ஃப்ளை அவே'. 'பறந்து போவேன்' என்று அர்த்தம். கார்ட்டர் குடும்பம் அதை 1948ல் பதிவு செய்தது. எழுதினவர் ஆல்பர்ட் பிரம்லி. அவர் 1905ல் ஒக்லஹோமாவில் வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவர். பாட்டு வாத்தியாரிடம் வடிவச் சுரம் படித்தவர். 1926ல் ஆர்கன்சாஸ் மாநிலம் ஹார்ட்ஃபோர்ட் ஊரில் இருந்த பாட்டுப் பள்ளிக்குப் போனார். கட்டணம் கட்டக் காசு இல்லை. அங்கே இருந்த யூஜின் பார்ட்லெட், அப்படியென்றால் என் வீட்டிலேயே தங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

படிப்பு நடந்த வருஷங்களிலும் அப்பாவின் காட்டில் பருத்தி எடுக்கிற வேலை விடவில்லை. 1929 வாக்கில் ஒரு நாள் பருத்தி எடுத்தபடியே, அந்தக் காலத்தில் எல்லார் வாயிலும் இருந்த ஒரு கைதிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெயிலில் இருக்கிறவன் இறக்கை இருந்தால் பறந்துவிடுவேனே என்று ஏங்குகிற பாட்டு அது. அப்போதுதான் பிரம்லிக்கு இந்தப் பாட்டின் யோசனை வந்தது. காட்டில் இருந்து பறந்துவிட வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன் என்று பின்னாளில் அவரே சிரித்துச் சொல்லியிருக்கிறார். பாட்டை எழுதி முடித்துச் சும்மா வைத்திருந்தார். அதை அனுப்பிவைக்கச் சொல்லித் தூண்டினது அவர் மனைவி கோல்டி. 1932ல் அச்சில் வந்தது.

வெளியே இருந்து கேட்டால் அது செத்தபின் சொர்க்கத்துக்குப் பறக்கிற பாட்டு. துக்க வீட்டிலும் பாடுகிறார்கள், வெள்ளைக்காரர் சர்ச்சிலும் கறுப்பர் சர்ச்சிலும் பாடுகிறார்கள். 2000ல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' என்ற சினிமாவிலும் வந்தது. ஆனால் அதன் பிறப்பு ஒரு பருத்தி வரிசையின் நடுவில். முதுகு வலிக்க வலிக்க, இந்தச் சால் எப்போ முடியும் என்று நிமிர்ந்து பார்க்கிறவனின் பெருமூச்சு அது. பருத்தி எடுத்தவர்களுக்கு அந்த அர்த்தம் யாரும் சொல்லாமலே விளங்கியிருக்கும்.

கார்ட்டர் குடும்பம் நிஜமாகவே பறந்துவிட்டது. ஒரே கம்பெனிக்கு, கொலம்பியாவுக்கு, 39 வருஷத்தில் 400 பாட்டுக்கு மேல் பதிவு செய்தார்கள். 1948ல் நாஷ்வில்லில் வாலி ஃபவுலர் தொடங்கின விடிய விடியப் பாட்டுக் கச்சேரிகள் பெரிசானபோது, இவர்களும் ஊர் ஊராகப் போய் மேடையேறினார்கள். அவ்வளவு பேர் வந்த பிறகும் பாட்டின் அமைப்பை மாற்றவில்லை. நான்கு குரல், ஒரு கிட்டார், வீட்டில் பாடின மாதிரியே. ஜிம் விலகினபோது தம்பி ராய் வந்தார். 1955ல் அப்பா ஓய்வு எடுத்தார், 1963ல் காலமானார். அன்னாவின் கணவர் ஹோவர்ட் கார்டன் குழுவின் கிட்டார்காரர். அவர் இறந்தபின் அன்னா, லூசியானாவின் முன்னாள் கவர்னர் ஜிம்மி டேவிஸைக் கட்டிக்கொண்டார். 'யூ ஆர் மை சன்ஷைன்' பாட்டால் பேர் வாங்கினவர். அவரும் வாரத்துக்கு உழுத ஏழை வீட்டில் பிறந்தவர்தான். அதே டேவிஸ் 1960ல் இரண்டாம் தடவை கவர்னர் ஆனது, கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கக்கூடாது என்று சொன்ன பக்கத்தில் நின்றுதான். ஏழ்மையில் பிறந்தவன் என்பதாலேயே ஒருத்தன் நியாயமானவன் ஆகிவிடுவதில்லை. அன்னா 2004ல் காலமானார். அவர் பேத்தி குழுவைத் தொடர்ந்து நடத்தினார்.

மகள் கேட்ட கேள்வி

பட்டணத்தில் இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "அண்ணே, நடவுப் பாட்டு, ஏத்தப் பாட்டு எல்லாம் அழிஞ்சு போச்சே." வருத்தம் நியாயமானதுதான். எனக்கும் உண்டு. ஆனால் கார்ட்டர் குடும்பத்தைப் படித்தபிறகு அந்த வருத்தத்தோடு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. அந்தப் பாட்டைப் பாடினவர்கள் அந்த வேலையில் இருந்து வெளியே போகத்தான் ஆசைப்பட்டார்கள். பாட்டு நல்லா இருந்தது, பாட்டைப் பிறப்பித்த வாழ்க்கை நல்லா இல்லை. லப்பக் காட்டில் இன்றைக்குப் பாட்டும் இல்லை, சாக்கு இழுத்து முதுகு ஒடிந்தவர்களும் இல்லை. ரெண்டும் சேர்ந்துதான் போயிருக்கிறது.

போர்ட்டிகோவில் உட்கார்ந்து இதை மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டாள், "அப்போ நான் காட்டை விட்டு வந்தது தப்பில்லைதானேப்பா?" இத்தனை வருஷமாக அவள் மனசில் அது இருந்திருக்கிறது. அவள் வேலைக்குக் கிளம்பின அன்றைக்கு, காட்டை யாரு பார்ப்பா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. "தப்பே இல்லம்மா"ன்னு சொன்னேன். அவள் அனுப்பின பணத்தில்தான் அம்மாவின் சங்கிலியை அடகில் இருந்து மீட்டோம்.

நான் இன்னும் பருத்தி போடுகிறேன். இந்தத் தடவை நாலு ஏக்கர். எடுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபது வயசைத் தாண்டினவர்கள். போன வாரம் எடுப்பு நடக்கும்போது அந்த அமெரிக்கப் பாட்டைப் போனில் சத்தமாகப் போட்டேன். மாரியம்மா அக்கா நிமிராமலே கேட்டாள், "என்னய்யா சொல்லுறாக?" பறந்து போயிருவேன்னு பாடுறாங்க அக்கா, அவங்களும் பருத்தி எடுத்தவங்கதான்னு சொன்னேன். "எங்க பறக்குறது, மொதல்ல இந்த நெரையை முடிப்போம்"னு சொல்லிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்துட்டாள். கூலியைக் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்தேன். எனக்குக் கட்டுபடி ஆகாதுதான். ஆனால் பாட்டைப் போட்டுவிட்டு கூலியைப் பழைய கணக்கில் கொடுக்க மனசு வரவில்லை.